கிளிநொச்சியில் ஒரு லேபல் கடை: "இதை நிரூபிக்க ஏலுமா அக்கா?"

வீட்டில் ஏதாவது தயாரித்து விற்கிறவர்கள் லேபல் அடிக்க எங்கே போகலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் போவது கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிற ஒரு சின்னக் கடைக்கு. கடைப் பெயரைப் போட வேண்டாம், இப்பவே வேலை குவிந்து கிடக்குது என்று அதை நடத்துகிற தம்பி கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் போய் கேள்வி கேட்டுக் கேட்டு லேபல் அடிக்கிற பெடியன் எங்கே என்று விசாரித்தால் காட்டிவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால் வேலை சுத்தம், விலை நடுத்தரம், வேகம் குறைவு. பொய் எழுதித் தரச் சொன்னால் காசு கூடத் தந்தாலும் எழுதித் தரமாட்டார். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தருமபுரம் பக்கம். வறுத்து அரைத்த கறித்தூள் செய்கிறேன். என்னோடு ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். விசுவமடு, புதுக்குடியிருப்பு, பரந்தன் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பிரதேச செயலகம் நடத்துகிற விற்பனைக் கண்காட்சிகளில் மேசை போடுகிறோம், கொஞ்சம் பஸ்ஸில் கொழும்புக்கும் போகிறது. முதல் லேபலை வேறொரு ஊரில் ஒரு அச்சகத்தில் அடிப்பித்தேன். மாதிரி கைக்கு வந்தபோது நான் சொல்லாத சொற்களெல்லாம் அதில் இருந்தன. "ஏற்றுமதித் தரம்" என்று ஒரு தங்க முத்திரை, "100% ஆர்கானிக்" என்று ஒரு பச்சை இலை, மூலையில் எங்கிருந்தோ எடுத்த ஒரு பார்கோட். எடுத்துவிடுங்கோ என்றால், எல்லாரும் போடுகினம், இல்லாட்டி ஆர் வாங்குவினம் என்ற பதில்தான் வந்தது. சரி, டிசைன் கோப்பையாவது தாங்கோ என்றால் அதுவும் தரமாட்டார்களாம், திரும்ப அடிக்க அங்கேதான் வரவேண்டுமாம். அதோடு அந்த இடத்தை விட்டேன்.

இந்தத் தம்பியின் கடையில் போய் இருந்ததும் முதலில் கம்பியூட்டரைத் திறக்கவில்லை. என் பக்கற் ஒன்றை வெட்டி ஒரு வெள்ளைத் தாளில் தூளைக் கொட்டினார். மணந்து பார்த்தார். விரலால் பரப்பி, யன்னல் வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறத்தைப் பார்த்தார். பிறகு பழைய லேபலை எடுத்து பேனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, "இதை உங்களால நிரூபிக்க ஏலுமா அக்கா?" என்று கேட்கத் தொடங்கினார். குரலில் அதட்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆம் என்றால் எப்படி என்று கேட்பார். இல்லை என்றால் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு விழும்.

ஆர்கானிக் என்ற சொல்லுக்குத்தான் முதல் கோடு. அது வெறும் நல்ல வார்த்தை இல்லை, வயலில் இருந்து ஆலை வரை வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் போடலாம். நான் மிளகாய் நடுகிறவள் இல்லை, வாங்குகிறவள். வாங்கிய செத்தல் மிளகாய்க்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போ உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன என்று கேட்டார். நிறமூட்டி போடுவதில்லை, மா கலப்பதில்லை, உப்பும் போடுவதில்லை, வறுப்பது நாங்களே, அரைப்பதும் எங்கள் கண் முன்னால் என்றேன். அதை எழுதுவோம் என்றார். இப்போது பக்கற்றின் முன்பக்கத்தில் பெயரையும் ஊரையும் தவிர "நிறமூட்டி சேர்க்கவில்லை. மா கலக்கவில்லை." என்ற இரண்டு வரி மட்டும்தான் இருக்கிறது. 2020 இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி, கடைகளில் மஞ்சள்தூள் என்ற பெயரில் கோதுமை மாவுக்கு நிறம் போட்டு விற்றதை எங்கள் சனம் மறக்கவில்லை. மா கலக்கவில்லை என்ற அந்த இரண்டு சொல்லை வாசித்துவிட்டுப் பக்கற்றைத் திரும்ப முகர்ந்து பார்க்கிற அம்மாமாரை நான் கண்காட்சி மேசையில் கண்ணால் கண்டிருக்கிறேன். தங்க முத்திரையை ஒருவரும் அப்படி நின்று பார்த்ததில்லை.

மிளகாய் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. "உள்ளூர் மிளகாய்" என்று போட ஆசைப்பட்டேன். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மிளகாய் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் செத்தல் கிடைக்கிற காலத்தில் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் வருடம் முழுக்கக் கிடைக்காது. இந்த நாட்டில் கடைக்கு வருகிற செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து இறக்குகிறதுதான், அதை வாங்காமல் கறித்தூள்காரர் ஒருவரும் வருடம் முழுக்கத் தொழில் நடத்த முடியாது. அப்போ என்ன செய்வது? உள்ளூர் என்று போட்டால் பாதி வருடம் பொய். ஒன்றும் போடாமல் விட்டால் உள்ளூர்ச் செத்தல் தேடி வாங்குகிற பாடு வெளியில் தெரியாது. தம்பி லேபலின் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டம் போட்டார். மிளகாய் என்று எழுதி, பக்கத்தில் உள்ளூர் ஒரு கட்டம், இந்தியா ஒரு கட்டம். ஒவ்வொரு தொகுதி அரைக்கும்போதும் எதில் அரைத்தோமோ அந்தக் கட்டத்தில் நாங்கள் பேனையால் சரி போடுகிறோம். அவ்வளவுதான். வன்னியில் வேறு எந்தப் பக்கற்றிலும் நான் இப்படிக் காணவில்லை.

இதனால் ஒரு கடை போனது. இந்தியா என்று சரி போட்ட பக்கற்றைப் பார்த்துவிட்டு, இதை ஏன் எழுதுறியள், எழுதினால் விற்காது என்று முதலாளி ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். அது உண்மையான நட்டம்தான். இன்னொரு பக்கம், பரந்தனில் ஒரு ஆசிரியை பக்கற்றில் இருந்த இலக்கத்துக்கு அழைத்து, உள்ளூர் மிளகாய் தொகுதி வரும்போது எனக்கு எடுத்து வையுங்கோ, அதுவரைக்கும் இதையே வாங்குறன் என்றார். இப்போது அப்படிச் சொல்லி வைத்து வாங்குகிற வீடுகள் சில இருக்கின்றன. விற்பனை பாய்ந்து ஏறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஏறவில்லை. வாங்கினவர்கள் திரும்ப வருகிறார்கள், அது கூடியிருக்கிறது.

அடுத்தது பெயர். எங்கள் பக்கம் கறித்தூள் செய்கிற பலர் "யாழ்ப்பாணக் கறித்தூள்" என்றுதான் போடுகிறார்கள், நானும் அப்படிப் போடலாம் என்றுதான் யோசித்திருந்தேன், கொழும்பில் அந்தப் பெயருக்குத்தான் கை நீளும் என்று எல்லோரும் சொல்வதால். தம்பி மறுக்கவில்லை. வறுத்து அரைக்கிற முறை யாழ்ப்பாண முறைதான், அதைப் பின்பக்கத்தில் எழுதலாம், ஆனால் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் யாழ்ப்பாணம் என்று போட்டால் அங்கே செய்தது என்றுதானே வாங்குகிறவர் நினைப்பார் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முன்பக்கத்தில் "வறுத்த கறித்தூள்", அதன் கீழே கண்ணுக்குத் தெரிகிற அளவில் "தருமபுரம், கிளிநொச்சி".

இதைப் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. வன்னித் தேன் என்றால் கொழும்பில் மதிப்பு, அதனால் சீனிப்பாகைக் காய்ச்சிப் பழைய சாராயப் போத்தலில் அடைத்து வன்னித் தேன் என்று விற்கிறார்கள். முல்லைத்தீவுக் கருவாடு என்றால் ஊர் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் பஸ் ஏறுகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு கச்சான் கடைக்கும் விளம்பரப் பலகை தேவைப்படவில்லை, ஊர் பேரே போதும். ஆக இந்த மண்ணின் பெயருக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் பேரை வெளியில் இருக்கிறவர் களவாக எடுத்து விற்கும்போது, நாங்கள் மட்டும் அதை மறைத்து வேறு ஊர் பேரில் விற்க வேண்டுமா? இதை யோசிக்க வைத்ததற்காகவே அந்தத் தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் இருந்த நேரத்தில் நல்லெண்ணெய் ஆட்டுகிற ஐயா ஒருவர் வந்திருந்தார். "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று பெரிதாகப் போடச் சொன்னார். எள்ளில் எங்கே கொலஸ்ட்ரோல், அது மிருகக் கொழுப்பில் வாறது, எந்த மரக்கறி எண்ணெயிலும் இல்லை, அப்படிப் போட்டால் மற்ற எண்ணெயில் இருக்குது உங்கடதில் இல்லை என்று சனம் விளங்கிக்கொள்ளும், அது சரியில்லை ஐயா என்று தம்பி ஆறுதலாகச் சொன்னார். ஐயாவுக்கு முதலில் முகம் சுருங்கியது. அப்போ என்னத்தைப் போடுறது என்றார். எப்ப ஆட்டினது என்று போடுங்கோ, உங்கட எண்ணெய் புதுசு, கொம்பனிக்காரர் அதைச் சொல்ல மாட்டினம் என்றார் தம்பி. ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, அது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். முருங்கை இலை மாவுக்குச் சலரோகத்தைக் குணப்படுத்தும் என்று போடக் கேட்கிறவர்களையும் இப்படித்தான் திருப்புகிறாராம். உணவுப் பொருளின் லேபலில் நோயைக் குணமாக்கும் என்று எழுதச் சட்டம் விடாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கண்டால் வழக்குப் போடலாம். அதை நம்பி மருந்தை நிறுத்துகிற சனமும் எங்கள் ஊரில் இருக்குது, வழக்கைவிட எனக்கு அதுதான் பயம்.

பார்கோட் பற்றியும் சொல்ல வேண்டும். லேபல் பெரிய கொம்பனிச் சாமான் மாதிரித் தெரிய வேண்டும் என்று இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு பார்கோட்டை ஒட்டுகிற பழக்கம் பரவியிருக்கிறது. இலங்கையில் பதிந்து எடுத்த பார்கோட் 479 என்று தொடங்கும். அது எங்கே பதிவு செய்தது என்பதைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. சுப்பர்மார்க்கற்றுக்குச் சாமான் கொடுக்கப் போனால்தான் அது தேவை. ஊர்க்கடைக்கும் சங்கக்கடைக்கும் தேவையே இல்லை. அலங்காரத்துக்குப் பார்கோட் போட இவர் மாட்டார், அந்த இடத்தில் தொகுதி இலக்கத்துக்கும் திகதிக்கும் பெரிய கட்டம் விடுகிறார். வாங்குகிறவர்களுக்கு அதுதான் உண்மையில் பயன்.

இனி நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்று. என்னோடு வேலை செய்கிற இருவரும் 2009 இல் கணவன்மாரை இழந்தவர்கள். இதைத் தெரிந்த உடனே, நிறையப் பேர் நல்ல மனதோடு சொல்கிற ஆலோசனை, "போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் தயாரிப்பு" என்று போடுங்கோ, ஒரு படத்தையும் போடுங்கோ, வெளிநாட்டில் இருக்கிற ஆக்கள் அள்ளுவினம் என்பது. அது பொய் இல்லை, உண்மைதான். ஆனாலும் தம்பி இதற்கும் ஒரு கேள்வி கேட்டார்: அவை சம்மதிச்சினமா? நான் வீட்டுக்கு வந்து இருவரிடமும் கேட்டேன். ஒருவர் ஒன்றும் பேசவில்லை. மற்றவர், அக்கா, என்ர பிள்ளை பள்ளிக்கூடம் போற வழியில இருக்கிற கடையில என்ர படம் தொங்க வேண்டாம் என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. உண்மையாக இருந்தாலும் விற்கக்கூடாத உண்மைகள் இருக்கின்றன, அது அவர்களுடையது, என்னுடையது இல்லை. தூள் நல்லா இல்லாவிட்டால் இரக்கப்பட்டு ஒருமுறை வாங்குவார்கள், அடுத்தமுறை வாங்க மாட்டார்கள். அந்தப் பெண்கள் மல்லியை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று மணத்திலேயே அறிகிறவர்கள், சம்பளம் அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான். அதனால் லேபலில் "இரும்புத் தாச்சியில், விறகடுப்பில் வறுத்தது" என்று இருக்கிறது, வறுத்தவரின் கதை இல்லை. சம்மதித்து, தங்கள் கதையைத் தாங்களே சொல்லி விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மற்றவருடைய துயரத்தைக் கேட்காமல் பக்கற்றில் ஒட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

படம் எடுத்த விதமும் நல்லாக இருந்தது. இணையத்தில் எடுத்த சிவப்புத் தூள் குவியலை அவர் போடவில்லை. வறுத்த தூள் கபிலம், கொஞ்சம் கருமைகூட. சிவப்பாகப் படம் போட்டுவிட்டுக் கபிலத் தூளைக் கொடுத்தால், பழசைத் தந்துவிட்டார்கள் என்று சனம் நினைக்கும். எவர்சில்வர் கரண்டியில் என் தூளையே அள்ளி வைத்துக் கைபேசியில் எடுத்தார், அச்சில் நிறம் சிவக்கிறது என்று மாதிரித் தாளைத் தூளுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துத் திருத்தினார். சிங்கள எழுத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போடாமல், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். அரச பலகைகளில் தமிழைப் பிழையாக எழுதும்போது எங்களுக்கு எவ்வளவு எரிகிறது, அதை நாங்கள் மற்றவருக்குச் செய்யக்கூடாது என்றார்.

பின்பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியதை அவரே கேட்டு வாங்குகிறார்: சேர்மானங்கள், தேறிய நிறை, தயாரித்தவரின் விலாசம், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, அதிகபட்ச சில்லறை விலை. சேர்மானத்தை நிறை கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுத வேண்டும். என் தூளில் மல்லிதான் நிறை கூட, அதனால் மல்லி முதலில், மிளகாய் அடுத்து. 250 கிராம் என்று போட்டால் உள்ளே 250 கிராம் இருக்க வேண்டும், பக்கற்றின் நிறையைச் சேர்க்கக்கூடாது, சமையலறைத் தராசில் நிறுத்து விற்கவும் கூடாது, முத்திரை குத்திய தராசு வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் எனக்குத்தான் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள், அது வேறு, வணிகக் குறி வேறு என்பதையும் விளக்கினார். வணிகக் குறியை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பில் தனியாகப் பதிய வேண்டும், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இப்ப உங்களுக்கு அது அவசரமில்லை, ஆனால் வேறொருவர் பாவிக்கிற பெயரை எடுத்துவிடாதேங்கோ என்று சொல்லித் தேடியும் பார்த்தார். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, தாமதம். ஒரு ஆள், ஒரு இயந்திரம். கரண்ட் நின்றால் எல்லாம் நின்றுவிடும். சொன்ன நாளில் தந்ததில்லை, பொங்கலுக்கு முன்னம் கொடுக்க வேண்டிய ஓடர் ஒன்று எனக்குப் பிந்திப் போனது. தாமதமாகும் என்றால் முன்கூட்டியே அழைத்துச் சொல்ல வேண்டும், அதை அவர் செய்வதில்லை, நாங்கள்தான் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பொய் சொல்லாத ஆள் திகதி சொல்லும்போதும் அதே கவனத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து, அவரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாவது, முதல்முறை அடித்த ஸ்ரிக்கரில் பளபளப்பு லமினேற்றிங் போட்டதால் திகதி முத்திரையின் மை பிடிக்கவில்லை, விரல் பட்டதும் அழிந்தது. திகதி அழிகிற லேபல் எவ்வளவு உண்மையானாலும் பயனில்லை. அடுத்த தடவை அந்தக் கட்டத்தை மட்டும் லமினேற்றிங் இல்லாமல் விட்டுத் தந்தார், இப்போது பிரச்சினை இல்லை, ஆனால் எண்ணெய்ச் சாமான் செய்கிறவர்கள் ஓரம் கிளம்புகிறதா என்று ஒரு மாதிரியை ஒட்டி வைத்துப் பார்த்த பிறகு முழுதையும் அடிப்பது நல்லது. மூன்றாவது, பேஸ்புக் விளம்பரம், வீடியோ எல்லாம் அவர் செய்வதில்லை. அது வேண்டியவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

விலை கிளிநொச்சியில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூட. டிசைனுக்கு ஒரு தொகை, அச்சுக்கு ஏ3 தாள் கணக்கு, திருத்தத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் முதலிலேயே சிட்டையில் எழுதித் தருகிறார், கடைசியில் புதுக் கணக்கு வராது. வேலை முடிந்ததும் டிசைன் கோப்பை முழுதாக வட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் தந்துவிடுகிறார், விருப்பமென்றால் வேறு எங்கும் கொண்டுபோய் அடிக்கலாம். நான் திரும்பவும் அங்கேதான் அடிக்கிறேன்.

போகிறவர்கள் சாமானில் ஒரு பக்கற், சேர்மானம் ஒவ்வொன்றின் நிறையும் எழுதிய தாள், வியாபாரப் பதிவின் பிரதி, மூலப்பொருள் வாங்கிய சிட்டை இவ்வளவையும் கொண்டுபோங்கோ, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். காலையில் போவது நல்லது, பின்னேரம் அச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆறுதலாகக் கதைக்க நேரம் இருக்காது. தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் முந்தின வாரங்களில் போக வேண்டாம்.